கண்ணாடி இறுகும் நேரம்

1

"கையை எடுங்க. வால்வை மூடாதீங்கன்னு எத்தனை தடவ..."

"நீ முதல்ல படியை விட்டு இறங்கு."

"இறங்க மாட்டேன். உள்ள கண்ணாடிக் குழம்பு அப்படியே கிடக்கு. வடிக்காம தீயை நிறுத்தினா..."

"உலை பிளந்துடும். இருபத்தாறு வருஷமாத் தீ போடறவனுக்கு நீ சொல்லித் தர்றியா?"

கண்ணாடி ஆலையை மூடிய வாரம், ஆலையை ஒட்டிய என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இதுவும், கடைசியில் இன்னொரு பேச்சும்தான் என் காதில் விழுந்தன. முகம் பார்க்கவில்லை. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

ஒரு காலத்தில் அந்தத் தெருவில் ஒரு ஆலை

(அடித்துவிட்டேன். ஆலை மூடி எட்டு நாள்தான். அது எப்படி ஒரு காலமாகும்?)

அவர் உலைக்காரர். அவள் அவர் மனைவி, ஆலை வாசலில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவள். முதலாளி உலையை வடித்து, மெதுவாக ஆறவைத்து, செங்கல் செங்கலாகப் பிரித்து வேறு ஊருக்குக் கொண்டுபோகிறார். அது பழுதில்லாமல் போய்ச் சேர்ந்தால் உலைக்காரருக்கு அங்கே வேலை உண்டு. அவருக்கு மட்டும். பாட்டில் அடுக்கும் இருபது பெண்களுக்கு இல்லை. குழம்பு உள்ளேயே இறுகிவிட்டால் உலை எவருக்கும் உதவாது.

3

இங்கே அவரை வீரனாக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. உலையை உடைத்தால் அந்த இருபது பேருக்கும் வேலை திரும்பிவிடுமா என்று கேட்டாள். பாட்டில் பொதிய வைக்கோல் கொண்டுவந்த வண்டிக்காரர் வண்டியையே விற்றுவிட்டுப் போனதைச் சொன்னாள். அவரோ, இந்த உலை தெருவோடது, இங்கேயே சாகட்டும் என்று மட்டும் முனகினார்.

சரி, இவள் கல்நெஞ்சக்காரி என்று எழுதினேன். அதுவும் நிற்கவில்லை.*

* ஆலை மூடிய பிறகும் அந்தப் பெண்கள் ஏழு மணிக்கு வந்து வாசலில் உட்காருகிறார்கள். இவள் கையும் பழக்கம் விடாமல் இருபது பேருக்கு அரிசி களைகிறது.

4

முடிவு ஒன்று: வால்வை மூடுகிறார். விடிவதற்குள் உலை பிளக்கிறது.

முடிவு இரண்டு: மூடவில்லை. லாரி வருகிறது. அவள் கடையைப் பூட்டி, சாவியை

(சாவியை யாரிடம் கொடுப்பாள்? வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே.)

இரண்டிலும் தெரு காலிதான். அதனால்தான் பேனாவை வைத்துவிட்டேன். வேண்டியதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கடைசியாகக் கேட்டதை மட்டும் தருகிறேன். அவர் குரல், கத்தாமல்:

"சரி, மூடலை. கையை எடுத்துட்டேன். காலையில அந்த இருபது பொண்ணுங்களுக்கும் சோறு போடறப்ப என்ன சொல்லுவ?"