முப்பதுக்கு மேலே

"கழட்டு," என்றார் தலைமை டாக்டர் கானிமெத்.

வார்டில் யாரும் அசையவில்லை. வென்டிலேட்டர் மட்டும் விடாமல் கத்தியது. திரையில் 38 என்ற எண் சிவப்பாக மின்னியது, அணைந்தது, மறுபடி மின்னியது.

கட்டிலில் கிடந்தவர் தொக்தோசுன். ஓடுகிற குதிரையிலிருந்து குனிந்து, தரையில் கிடக்கும் ஆட்டு உடலை ஒரே கையால் அள்ளிக்கொண்டு பறக்கிற கோக்-போரு ஆட்டத்தில் சாரி-தாலா ஊருக்கே பெயர் வாங்கித் தந்த ஆள். அதெல்லாம் பழைய கதை. இப்போது நூற்று அறுபது கிலோ. அவரைச் சுமக்கிற குதிரை கிர்கிஸ் மலைகளில் பிறக்கவில்லை. போன வாரம் ஆற்றில் பனி உடைந்து குதிரைக்குட்டி ஒன்று விழுந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதை வெளியே இழுத்துப் போட்டார். குட்டி பிழைத்துக்கொண்டது. இவருக்கு நிமோனியா. வாயில் குழாய், கைகள் கட்டில் கம்பியோடு கட்டு, மருந்து மயக்கம், மூச்சு முழுக்க மெஷினுடையது.

"கேக்கலையா, பெர்மெத்? இந்த மெஷினைக் கழட்டி, ஸ்டோர்ல இருக்கிற பழைய மெஷினை மாட்டு. சாயங்காலத்துக்குள்ள ஆளுநரோட மாமா வர்றாரு. நாளைக்கு அவருக்கு ஆபரேஷன். நல்ல மெஷின் ஒண்ணு காலியா இருக்கணும்னு உத்தரவு."

"பழைய மெஷின் இவரைத் தாங்காது அண்ணே. மூச்சு வெளியே போனதும் நுரையீரல் மொத்தமா சுருங்கிடும். மாட்டின கையோட போயிடுவாரு."

"இப்ப மட்டும் இருக்கப் போறானா? முப்பத்தெட்டு! நுரையீரல் கல்லாயிடுச்சு. மேல அழுத்தினா கிழியும். அழுத்தலைன்னா காத்து போகாது. முடிஞ்சுது."

கானிமெத் விரலை நீட்டினார். எதிர்ச் சுவரில், சிவப்புப் பெயின்டில், ஆள் உயரத்துக்கு ஒரு 30. கொள்ளைநோய் வருஷத்தில் அவரே வரைந்தது. அப்போது இந்த வார்டில் அவசரத்துக்கு அழுத்தத்தை ஏற்றி ஏற்றி, நுரையீரல் வெடித்துப் போனவர்கள் நிறைய. அத்தனை பேருடைய வீட்டாரிடமும் வெளியே போய்ச் சொன்னவர் கானிமெத்தான். அதற்குப் பிறகு இந்த வார்டில் மூச்சுக்குழாய் அழுத்தம் முப்பதைத் தாண்டுவது குற்றம். காலை ரவுண்டில் அவர் "முப்பது" என்பார். நர்சுகள் பட்டாளத்துச் சிப்பாய்கள் மாதிரி "முப்பது" என்று திருப்பிச் சொல்வார்கள்.

டியூட்டி டாக்டர் பெர்மெத் சுவரைப் பார்க்கவில்லை. நோயாளியின் வயிற்றைப் பார்த்தாள். மல்லாந்து கிடந்த அந்த உடம்பில் வயிறு ஒரு குன்றாக எழுந்து நெஞ்சின் மேல் சரிந்திருந்தது.

"கழட்ட மாட்டேன்," என்றாள்.

"என்னது?"

"அவங்க கார் இன்னும் கணவாயையே தாண்டலை. வர்ற வரைக்கும் டைம் குடுங்க. ஒரு அளவு எடுக்கணும்."

"என்ன அளவு? அதான் திரையில எரியுதே, கண்ணு தெரியலையா?"

"அது பாதிக் கணக்கு அண்ணே."

கானிமெத்தின் மீசை துடித்தது. "கார் வாசல்ல நிக்கிறப்ப மெஷின் காலியா இருக்கணும். இல்லேன்னா உன்னைத்தான் காலி பண்ணுவேன்." கதவு படாரென்று மூடிக்கொண்டது.

நர்ஸ் ஜிபெக் மெதுவாக அருகே வந்தாள். "அக்கா, அது என்ன பாதிக் கணக்கு?"

"பலூனை மேஜை மேல வெச்சு ஊதறே. சுலபம். அதே பலூன் மேல நீ ஏறி உக்காந்துட்டு ஊதினா?"

"கஷ்டந்தான். ஏன் என்னை உக்கார வெக்கிறீங்க? நான் அவ்வளவு குண்டாவா இருக்கேன்?"

"கேளுடி. கஷ்டம் பலூன் ரப்பர்ல இல்ல, மேல உக்காந்திருக்கிற கனத்துல. இவருக்கும் அதுதான்னு நினைக்கிறேன். முப்பத்தெட்டுல எவ்வளவு நுரையீரலை விரிக்குது, எவ்வளவு இந்த நெஞ்சையும் வயித்தையும் தூக்கவே செலவாகுதுன்னு மெஷின் சொல்லாது. நெஞ்சுக்குள்ளயே போய் அளக்கணும்."

"நெஞ்சைக் கிழிச்சா?"

"உணவுக்குழாய் வழியா. அது நுரையீரலுக்குப் பின்னாடியேதான் இறங்குது. அங்க ஒரு சின்ன பலூன் வெச்சா, வெளிய இருந்து அமுக்கிற கனம் எவ்வளவுன்னு அது சொல்லிடும். திரை எண்ணுல இருந்து அதைக் கழிச்சா, மிச்சம் நுரையீரலோட பங்கு."

"அந்தப் பலூன் நம்மகிட்ட இருக்கா?"

"இல்ல. நீ மருந்துக்கடைக்குப் போய் ஆணுறை ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா."

ஜிபெக்கின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. "அக்கா! கடையில நிக்கிறது யாரு தெரியுமா? நான் கட்டிக்கப் போறவரோட அத்தை! வசந்தத்துல கல்யாணம்!"

"டாக்டர் கேட்டாங்கன்னு சொல்லு."

"அது இன்னும் மோசம்!"

ஆனாலும் கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் ஓடினாள்.

பெர்மெத் ஸ்டோரைத் திறந்தாள். சோவியத் காலத்து ஸ்டாண்டு ஒன்று மூலையில் தூசி படிந்து நின்றது. நீளமான கண்ணாடிக் குழாய், பக்கத்தில் சென்டிமீட்டர் போட்ட பலகை. ரத்தக்குழாய் அழுத்தத்தைத் தண்ணீரை ஏற்றி அளக்க இந்த ஊர் டாக்டர்கள் எல்லாருமே ஒரு காலத்தில் இதைத்தான் உருட்டிக்கொண்டு அலைந்தார்கள். மெஷின் காட்டும் அழுத்தமும் தண்ணீர்க் கணக்கில் அதே சென்டிமீட்டர்தான். இது போதும்.

ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு வந்தபோது வாசல் கதவை யாரோ தட்டினார்கள். தட்டவில்லை, குத்தினார்கள்.

தொக்தோசுனின் மனைவி அனார்கான். ஒரு கையில் ஆட்டுச் சூப்பு பிளாஸ்க். நாலு நாளாக அந்தக் கதவுக்கு வெளியேதான் இருக்கிறாள். தீவிர சிகிச்சை வார்டுக்குள் உறவுக்காரர் கால் வைக்கக் கூடாது. இந்த நாட்டில் எந்த ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

"டாக்டரம்மா, பெரிய டாக்டர் கத்தினது வெளிய கேட்டுச்சு. எங்க வீட்டு ஆளைக் கழட்டப் போறீங்களாமே? அந்தாளு ஆத்துல எறங்கினப்ப நான் வேண்டாம்னுதான் சொன்னேன். என் பேச்சைக் கேக்கலை. நீங்களாவது கேப்பீங்களா?" சொல்லிக்கொண்டே கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தவள் அலறினாள். "ஐயையோ! எதுக்கு இப்படி மல்லாக்கப் போட்டு வெச்சிருக்கீங்க?"

"ஏன்?"

"அவரு படுத்தே ஆறு வருஷமாச்சு! மெத்தைகளை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, அதுல சாஞ்சு உக்காந்துதான் தூங்குவாரு. மல்லாந்தா மூச்சு முட்டும். ஊருக்கே தெரியும். யாருமே கேக்கலையா?"

யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கான ஆளைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே வருகிற எல்லாரையும் ஒரே மாதிரி மல்லாத்திக் கட்டிப் போடுவதுதான் இங்கே வேலை முறை. பெர்மெத்துக்குக் காது சூடேறியது. யார் மேல் கோபம் என்று பிரிக்கத் தெரியவில்லை.

"உள்ள வாங்க," என்றாள்.

"உள்ளயா? உங்களைத் திட்டுவாங்களே!"

"ஏற்கெனவே திட்டிட்டாங்க. கையைக் கழுவிட்டு வாங்க."

ஜிபெக் மூச்சிரைக்க வந்து பாக்கெட்டை மேஜையில் எறிந்தாள். "எந்த அளவு வேணும்னு வேற கேட்டாங்க அக்கா! நான் 'நூத்தி அறுபது கிலோ ஆளுக்கு'ன்னு சொல்லிட்டேன். இனிமே எனக்குக் கல்யாணம் நடந்த மாதிரிதான்!"

அனார்கான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாலு நாளில் முதல் சிரிப்பு.

பெர்மெத் ஆணுறையை வெட்டினாள், மெல்லிய குழாயின் நுனியில் சுற்றினாள், நூலால் இறுக்கினாள். மூக்கு வழியாக இறக்கினாள். பலூனில் கொஞ்சமே காற்று. மறுமுனை கண்ணாடிக் குழாய்க்கு. தண்ணீர் நடுங்கியபடி ஏறி, மெஷினின் மூச்சோடு சேர்ந்து ஆடத் தொடங்கியது.

"மூச்சு உள்ள போனதும் நிறுத்திப் பிடி."

ஜிபெக் பொத்தானை அழுத்தினாள். காற்று உள்ளேயே நின்றது. திரையில் 38. பலகையில் தண்ணீர் 22.

"முப்பத்தெட்டுல இருபத்திரண்டு போச்சு. நுரையீரலுக்கு வெறும் பதினாறுதான்! கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. நல்ல நுரையீரல்டி இது!" பெர்மெத்தின் குரல் ஏறியது. "இப்ப மூச்சு வெளிய போனப்புறம் பிடி."

திரையில் 8. தண்ணீர் 17.

அவள் பல்லைக் கடித்தாள். மூச்சு வெளியேறிய பின் மெஷின் உள்ளிருந்து தாங்குவது எட்டு. வெளியிலிருந்து அமுக்குவது பதினேழு. ஒவ்வொரு மூச்சுக்கும் நுரையீரல் நசுங்கி ஒட்டிப்போகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் எண்பத்தொன்றில் கிடப்பதற்கு இதுதான் காரணம். குறைக்கச் சொல்கிறது சுவர். ஏற்றச் சொல்கிறது தண்ணீர்.

தாங்கும் அழுத்தத்தின் குமிழைத் திருகினாள். பத்து. பதினான்கு. பதினெட்டு.

மெஷின் வெறி பிடித்ததுபோல் அலறியது. திரையில் 44. ரத்த அழுத்தம் சரிந்தது. ஜிபெக் அவள் கையைப் பற்றினாள். "அக்கா, விழுது!"

"சொட்டு மருந்தைக் கூட்டு. கட்டிலோட தலைப்பக்கத்தைத் தூக்கு. இன்னும். அனார்கான், வீட்ல எப்படி உக்காருவாரோ அப்படி வெக்கணும், பிடிங்க!"

மூன்று பெண்களும் மூச்சுப் பிடித்துத் தூக்கினார்கள். குன்று நெஞ்சை விட்டு மெல்ல இறங்கியது. ரத்த அழுத்தம் தள்ளாடி நின்றது. திரையில் 44 நாற்பதுக்கு இறங்கியது.

கதவு திறந்தது. கானிமெத். அவருக்குப் பின்னால் கறுப்புக் கோட்டுப் போட்ட ஆள், ஆளுநரின் உதவியாளன்.

"வாசல்ல கார் நிக்குது. மெஷின் எங்..." கானிமெத்தின் பார்வை ஒவ்வொன்றாக விழுந்தது. உள்ளே நிற்கும் மனைவி. உட்கார்ந்திருக்கும் நோயாளி. மேஜை மேல் ஆணுறைப் பாக்கெட். திரையில் 40. எதை முதலில் திட்டுவது என்று அவருக்கே தெரியவில்லை.

"கொலைகாரி! நாப்பதா? என் வார்டுல நாப்பதா?" குமிழை நோக்கிப் பாய்ந்தார்.

பெர்மெத் குறுக்கே நின்றாள். அவள் தோள் அவர் மார்பில் மோதியது. அவள் விலகவில்லை.

"தண்ணியப் பாருங்க அண்ணே. இருபது. நுரையீரல் மேல விழறதும் இருபதுதான். மீதி இவரோட உடம்பைத் தூக்குது."

"பலூனை வயித்துல போட்டுட்டு எனக்குக் கணக்குச் சொல்றியா? இடம் தப்பினா அந்தத் தண்ணி என்ன வேணா சொல்லும்!"

"அப்ப நீங்களே நெஞ்சை அமுக்கிப் பாருங்க. பலூன் சரியான இடத்துல இருந்தா திரையும் தண்ணியும் சேந்தே ஏறணும். எப்படிச் சரிபார்க்கிறதுன்னு உங்களுக்குத் தெரியாததா? ஜிபெக், காத்தை நிறுத்திப் பிடி."

கானிமெத் தயங்கினார். எல்லாரும் அவர் கையையே பார்த்தார்கள். பெரிய உள்ளங்கையைத் தொக்தோசுனின் நெஞ்சின் மேல் வைத்து அழுத்தினார். திரை ஐந்து ஏறியது. தண்ணீரும் ஐந்து ஏறியது. கையை எடுத்தார். இரண்டும் சேர்ந்தே இறங்கின. மறுபடி அழுத்தினார், இம்முறை பலமாக. இரண்டும் சேர்ந்தே ஏறின.

பலூன் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

"தொண்ணூறு," என்றாள் ஜிபெக். ஆக்சிஜன். பிறகு, நம்ப முடியாமல், "தொண்ணூத்தி ரெண்டு."

கறுப்புக் கோட்டு இருமியது. "டாக்டர், எங்க பெரியவர் கார்ல காத்திருக்காரு. இதையெல்லாம் சீக்கிரம் கழட்டினா நல்லது."

பெர்மெத் திரும்பினாள். "உங்க பெரியவர் எப்படி வந்தாரு?"

"எப்படின்னா? கார்லதான். வழியில நிறுத்தி ரெண்டு தட்டு மான்ட்டி சாப்பிட்டாரு."

"மெஷின் இல்லாமலே மூச்சு விட்டுக்கிட்டு, சாப்பிட்டுக்கிட்டு வர்றாரு. நாளைக்கு ஒருவேளை தேவைப்படலாம்கிறதுக்காக, இன்னிக்கு இதுல உயிரோட இருக்கிற ஆளை நான் இறக்கி வெக்கணுமா? முடியாது. போய்ச் சொல்லுங்க. என் பேரையும் சேத்துச் சொல்லுங்க."

"நீங்க யார்கிட்ட பேசறீங்கன்னு..."

"தெரியும்!" அனார்கான் முன்னால் வந்தாள். சூப்பு பிளாஸ்க்கை அவள் பிடித்திருந்த விதத்தில் அது சூப்பு பிளாஸ்க் மாதிரித் தெரியவில்லை. "இன்னொரு அடி உள்ள வெச்சா நானும் தெரிய வெப்பேன்!"

உதவியாளன் கானிமெத்தைப் பார்த்தான். கானிமெத் கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது. அது நின்ற திசை மட்டும் மாறியிருந்தது.

"மெஷின் காலி இல்ல," என்றார்.

"டாக்டர், ஆளுநர்..."

"காலி இல்லைன்னேன். பிஷ்கெக்ல பத்து மெஷின் இருக்கு. மான்ட்டி சாப்பிட்டவரு அங்க போய்ச் சேருவாரு. கதவைச் சாத்திட்டுப் போ."

கதவு மூடிக்கொண்டதும் அவர் பெர்மெத் பக்கம் திரும்பினார். "சந்தோஷப்படாதே. உன் மேல இன்னிக்கே புகார் எழுதப் போறேன். உத்தரவை மீறினது, வெளியாளை உள்ள விட்டது. விசாரணை வரும்."

"வரட்டும். இவரையே சாட்சிக்குக் கூப்பிடுறேன்."

"வாயில குழாயோடயா?"

"அதுக்குள்ள எடுத்துடுவேன்."

கானிமெத் உறுமினார். நாற்காலி ஒன்றை இழுத்துக் கண்ணாடிக் குழாய்க்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"என்னை என்ன வேடிக்கை பாக்கிறே? தாங்குற அழுத்தத்தை ரெண்டு குறை. உக்கார வெச்சதுல கனம் இறங்கியிருக்கு, பதினெட்டு இப்ப அதிகம். பிடி. அளவைச் சொல்லு."

"திரையில முப்பத்தேழு."

"முப்பதுக்கு மேல," என்று பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னார் கானிமெத். "தண்ணி?"

"பத்தொன்பது."

"கழிச்சா?"

"பதினெட்டு."

"ம். அப்படியே ஓட்டு."