வயிறு வராத சர்வீஸ்

நான் போட்ட டென்னிஸ் சர்வீஸ் வலையைத் தாண்டவில்லை. வலையோரம் எனக்கு முதுகைக் காட்டி நின்ற என் மனைவியைக்கூடத் தாண்டவில்லை. அவள் தோள்பட்டைகளுக்கு நடுவில் பொத்தென்று விழுந்தது.

"எதிராளிங்க அந்தப் பக்கம் இருக்காங்க ஐயா," என்றாள் திரும்பாமலே.

எதிர் ஜோடி விழுந்து விழுந்து சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. பந்து பட்டது முதுகில். அவள் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தது வயிற்றை.

போன வருஷம் அந்த வயிற்றிலிருந்துதான் கட்டியை எடுத்தார்கள். கெட்ட கட்டி.

அதற்கு முன்பு அவள் சர்வீஸ் என்றால் கிளப்பே ஓரடி பின்னால் தள்ளி நிற்கும். முழங்கால் மடியும், இடுப்பு முன்னால் போகும், வயிறு வில்லாக வளைந்து முறுக்கி அவிழும். கை கடைசியில் சும்மா கூடவே வரும். என் சர்வீஸ் முழுக்கக் கைதான். வயிறு எனக்கும் உண்டு, தாராளமாகவே உண்டு. ஆனால் அது ஆட்டம் பார்க்க வந்த விருந்தாளி.

இப்போது அவளும் கையால்தான் போடுகிறாள், பக்கத்து வீட்டுக்குக் கிண்ணம் நீட்டுவதுபோல. தோளில்தான் கோளாறு என்று நானாக முடிவுகட்டி, இலேசான மட்டை வாங்கினேன், தைலம் தேய்த்தேன். வலிக்குதா என்றால் "வயசாகுதுல்ல" என்பாள். மறுபரிசோதனைக்கு எப்போ போறோம் என்றால், "போட்டி முடியட்டும்." போட்டி முடிந்தது. அப்புறம், "மழை முடியட்டும்."

ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு வயிற்றுப் பயிற்சி கொடுத்த பிசியோ அம்மாவிடம் போய் நின்றேன்.

"தோளை ஏன் சார் பிடிச்சுத் தொங்குறீங்க? சர்வீஸுக்கு பலமே வயிறும் இடுப்பும்தான். தசை நல்லா சேர்ந்திருச்சு, எவ்வளவு வேணாலும் முறுக்கலாம். ஏன் முறுக்க மாட்டேங்கிறாங்கன்னு வீட்டுல கேளுங்க."

அடுத்த ஆட்டம் முடிந்து எல்லோரும் போனபின் பந்துக் கூடையை அவள் காலடியில் வைத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு. பழைய மாதிரி போடு."

"உங்க முதுகைக் காட்டுங்க, போடுறேன்."

ஆனாலும் பந்தை உயரே எறிந்தாள். முழங்கால் மடிந்தது. வயிறு வளையப் போகும் இடத்தில் அப்படியே நின்று, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டாள். மறுபடி எறிந்தாள். மறுபடி பிடித்துக்கொண்டாள்.

கேலியை விட்டுவிட்டு அவள் பக்கம் போனேன்.

"வலிக்குதாம்மா?"

பந்தை விரலால் உருட்டிக்கொண்டே நின்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

"வலிக்கல. அது திரும்பி வந்திருந்தா, முறுக்குறப்போ உள்ள தட்டுப்படுமோன்னு முறுக்கல. டெஸ்டுக்கு வராததும் அதனாலதான். எனக்குப் பயமா இருக்குங்க."