வெர்னன் ஹாலிஸ்டர் பார்த்த வேலை

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு முப்பத்தோரு வருடம் வக்கீலாக இருந்து ஓய்வுபெற்ற வெர்னன் ஹாலிஸ்டருக்குப் பாராட்டு விருந்து. மேடையில் வாசிக்கும் பாராட்டுப் பத்திரத்தை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பத்தொன்பது வருடம் அவருடைய காரியதரிசியாகக் குப்பை கொட்டியவள் நான்தானே.

ஆசை ஆசையாய் நாலு பக்கம் எழுதினேன். எல்லாம் அவர் மனைவி லொரெய்னுக்காகத்தான். அந்த மனுஷி பாவம், கட்டிக்கொண்ட நாள் முதல் கேட்பது ஒரே கேள்வி: ஆபீஸில் இவர் என்னதான் செய்கிறார்? வீட்டில் வாயே திறக்க மாட்டார். ரகசியமாம். அவருக்காகக் காத்திருந்து ஆறிப்போன சாப்பாடு கொஞ்சநஞ்சமா? "இன்னிக்காவது மேடையில சொல்லுவாங்கல்ல?" என்று போனில் கேட்டாள். சொல்லாமலா என்றேன்.

எழுதியது புது வக்கீல் பிராடிடம் போனது. ஜெயித்த வழக்குகளைக் கோடு போட்டு அடித்தான், தோற்றவர்கள் கோபித்துக்கொள்வார்களாம். சமரசத்தில் முடிந்ததை அடித்தான். வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோமாம். 'நேர்மையானவர்' என்ற சொல்லையும் விடவில்லை. மற்ற வக்கீல்கள் அப்படி இல்லை என்று யாராவது அர்த்தம் பண்ணிக்கொண்டால்? மிச்சமிருந்த அரைப் பக்கத்தை வெர்னனிடமே கொண்டுபோனேன், நியாயம் கிடைக்கும் என்று. அந்த மகானுபாவர் சிவப்புப் பேனாவை எடுத்து, இரண்டே வரியை விட்டுவிட்டு அதையும் அடித்துவிட்டு, பிராட் இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பேனாவைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

விருந்தில் கோழியும் பீன்ஸும் முடிந்தபின் பல்கலைக்கழகத் தலைவி பத்திரத்தை வாசித்தார். "வெர்னன் ஹாலிஸ்டர் இங்கே வேலை பார்த்தார். இப்போது பார்ப்பதில்லை." இருநூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

முன்வரிசையில் லொரெய்ன் மட்டும் எழுந்திருக்கவில்லை. சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அவ்வளவுதானா, வெர்ன்? ஒண்ணே ஒண்ணு சொல்லு. நம்ம பொண்ணு பெக்கி பொறந்தன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வரலியே, அன்னிக்கு என்ன பண்ணிட்டிருந்தே?"

வேண்டாம் வேண்டாம் என்று பிராட் தலையை ஆட்டினான். வெர்னன் அவனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஹாஸ்டல்ல மரப்படி ஒடிஞ்சு ஒரு பொண்ணு விழுந்துட்டா. அப்புறம் அவ நடக்கவே இல்ல. படி உளுத்துப்போயிருந்தது எங்களுக்கு முன்னாடியே தெரியும். அவ போட்டிருந்த செருப்புதான் காரணம்னு அன்னிக்குக் கோர்ட்ல நிரூபிச்சேன்."

ஜெயித்த கதை என்பது மட்டும் புரிந்ததோ என்னவோ, தலைவி கைதட்ட ஆரம்பித்தார். எல்லோரும் தட்டினார்கள். நானும்தான் தட்டினேன், வெட்கக்கேடு.

லொரெய்ன் மேடைக்கருகே போய் நின்று, அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டாள். இந்த முறை அவர் ரகசியம் என்று சொல்லவில்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு, ஞாபகம் இல்லை என்றார்.