இன்னும் சில புள்ளிகள்

மார்ச் 11. போன வாரம் அப்பாவின் விரலிலிருந்து ஆக்சிஜன் கிளிப் நழுவியதைக் கவனிக்காமல் அண்ணனை வரச் சொல்லிவிட்டேன். தவறு என்னுடையது. இனி சரிபார்க்காமல் வாய் திறக்கக் கூடாது.

காலையில் இதை எழுதிய அதே கையால், மாலையில் அப்பாவின் விரலில் இருந்த கிளிப்பைக் கழற்றி அடுத்த விரலில் மாட்டினாள். ஆக்சிஜன் அளவு 84 என்று காட்டிய திரை, 83 என்றது.

"அண்ணனைக் கூப்பிடும்மா," என்றார் நர்ஸ்.

"இன்னொரு விரல்ல பாத்துடறேன் சிஸ்டர்."

போன வாரம் அண்ணன் போட்டது போட்டபடி இரவெல்லாம் பயணம் செய்து வந்து நின்றபோது, அப்பா சாய்ந்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். "உன் பேச்ச நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்," என்று தலையில் அடித்துக்கொண்டான்.

சந்தேகப்படுவதுதான் வானியல் ஆய்வாளரான அவள் வேலையே. எங்கோ தொலைவில் ஒரு குவேசார், ஏதோ ஒரு விண்மீன் மண்டலத்தின் பளிச்சிடும் மையம். அதன் நடுவே உள்ள கருந்துளையை ஒட்டிக் கொதிக்கும் வாயுவிலிருந்து எக்ஸ் கதிர்கள் கிளம்புகின்றன. பூமியின் காற்று அவற்றை விடாது. மேலே சுற்றும் செயற்கைக்கோள்தான் பிடிக்க வேண்டும். மணிக்கணக்கில் காத்திருந்தால் ஒன்றிரண்டாகப் புள்ளிகள் விழும். அவற்றை எண்ணி, அக்கம்பக்கத்திலிருந்து வந்து சேர்ந்ததைக் கழித்து, அப்புறம்தான் அது மங்கியதா, மின்னியதா என்று சொல்லலாம்.

"புள்ளிக்காரி," அப்பாவின் குரல் மாஸ்க்குக்குள் காற்றாக வந்தது. "எனக்கு எத்தனை எக்ஸ்ரே எடுத்தாங்க?"

"ஏழுப்பா."

"உன் குவேசாருக்கு?"

"அதுக்கு நாம எடுக்க வேணாம்பா. அதுவே அனுப்பும். பிடிச்சுக்கிட்டாப் போதும்."

"கெட்டிக்காரன். பில்லே இல்ல." சிரிக்கப் போய் இருமினார்.

81.

கைபேசி அதிர்ந்தது. பேராசிரியர். "மங்கிடுச்சுன்னு எழுதிடலாமா?"

"வேணாம் மேடம். புள்ளி பத்தாது."

"சரி, இன்னும் எட்டு மணி நேரம் பாக்கக் கேட்டு வாங்கறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அப்பாவின் நகங்கள் நீலம் பாரித்திருந்தன. எந்த விரலில் மாட்டினாலும் இனி ஒன்றுதான். அண்ணனின் எண்ணை அழுத்தினாள்.

"அண்ணா, கெளம்பு."

"நிச்சயமாவா?"

"தெரியல. கெளம்புண்ணா."

மறுமுனையில் யாரிடமோ பஸ் நேரம் கேட்டான். பிறகு, "நாலு மணி பஸ் போயிடுச்சேடி. இனி ஏழரைக்குத்தான். மத்தியானமே சொல்லக் கூடாதா? அப்பாகிட்ட குடு."

காதருகே பிடித்தாள். அண்ணன் என்ன சொன்னானோ, அப்பாவின் புருவம் உயர்ந்தது.

"மறுபடியும் ஏமாந்துட்டியாடா," என்றார்.

ஏழு மணிக்கு முன்பே மூச்சு நின்றது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நர்ஸ் கிளிப்பைக் கழற்றித் திரையை அணைத்தார்.

மீண்டும் போன். பின்னால் பஸ்ஸின் உறுமல். "ஏறிட்டேன். இப்ப நம்பர் என்ன?"

அவள் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் ஜன்னலைப் பார்த்தார்.

"நீ தூங்கிட்டு வாண்ணா."

வெளியே வராந்தாவில் உட்கார்ந்து எழுதினாள்:

மார்ச் 11, இரவு. நாளை காலை ஆறு மணிக்கு பஸ் நிலையம் போய் அண்ணனைக் கூட்டிவர வேண்டும்.