ஓடைக்கரை வரைக்கும்

இடுப்பு குனியவிடவில்லை. இரண்டு நாள் காட்டுச் சரிவில் ஏறி இறங்கி, "அப்பா, அப்பா" என்று தொண்டை கிழியக் கத்தியதில் மயுமிக்கு இடுப்பில் ஆணி அடித்து வைத்தது போல இருந்தது. குனிந்துதான் ஆகவேண்டும். அப்பா கீழே விரிப்பில் கிடந்தார்.

பிணத்துக்கு நீர் விளாவுவது தலைகீழ். முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் வெந்நீர். அம்மா கினு விரலை விட்டுச் சூடு பார்த்தாள்.

"ஆயுசு பூரா சூடு பத்தல, சூடு பத்தலன்னு கத்துன மனுசன். இப்ப பாரு, வெதுவெதுன்னுதான் இருக்கு. ஒரு வார்த்த பேசுறாரா?"

மயுமி துணியை நனைத்துப் பிழிந்தாள். அப்பா தொகுசோவுக்கு எழுபதைத் தாண்டியும் மரம் வெட்டுகிற உடம்பு. தோளில் பழைய மரக்கட்டை விழுந்த தழும்பு. சோதித்த டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஓடைக்கரையில் மல்லாந்து கிடந்தவரை முதலில் பார்த்தது அப்பாவின் சிநேகிதர் கியூசாகு மாமா. அவர் ஊதிய விசில் கேட்டுத்தான் மற்றவர்கள் ஓடினார்கள்.

முதுகைத் துடைக்க ஒருக்களித்துப் புரட்டினார்கள். இடுப்பிலிருந்து தோள்வரை நீளநீளமாகக் கீறல்கள். ஒன்றில்கூட ரத்தம் கட்டியிருக்கவில்லை.

கினுவின் கை நின்றது. இந்த வீட்டில் அவள் தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்பியது இது மூன்றாவது உடம்பு.

"இது உசுரு போனப்புறம் விழுந்த கீறல்டி," என்றாள். அப்புறம் துணியை நனைத்தாள்.

மயுமி கைகளைத் துடைத்தாள். உள்ளங்கையில் புதுக் கொப்புளங்கள். மூங்கில்புதர் வெட்டினால்தான் அப்படி வரும். விரலை விரித்து நகத்தைச் சுத்தம் செய்தபோது நீல நிறத்தில் இரண்டு நார் வந்தன. நைலான் கயிற்றின் நார். பனிக்காலத்துக்கு வீட்டைச் சுற்றிப் பலகை கட்ட வாங்கி வைத்த நீலக் கயிறு கொட்டகையில் காணோம் என்று அம்மா போன வாரம் பூராவும் புலம்பியிருந்தாள். "எலி தின்னுருக்கும்" என்று சொல்லிவிட்டு அப்பா சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். மயுமி நாரைச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த ஊரில் மைதாகே காளான் முளைக்கிற மரத்தை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கிழட்டு ஓக் மரத்தின் அடியில், வருடா வருடம், அதே இடத்தில் அது வரும். ஒரு கொத்து கிடைத்தால் ஒரு மாதச் சம்பளம் மாதிரி. அதனால் அப்பன் பிள்ளைக்குச் சொல்லமாட்டான், புருஷன் பெண்டாட்டிக்குச் சொல்லமாட்டான். தொகுசோ காளானுக்குப் போகும்போது தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு போவார். மீன் பிடிக்கப் போகிறாராம். கியூசாகு அதற்கு மேல். மோட்டார் பைக்கை ஒரு மலையடியில் நிறுத்திவிட்டு இன்னொரு மலைக்கு நடந்து போவார். நாற்பது வருடமாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டே சேர்ந்து குடித்தார்கள்.

மயுமிக்கு நகரசபையின் சுற்றுலா அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. மார்ச்சோடு முடிகிறது. முடியாமல் இருக்க வேண்டுமென்றால் அவள் திட்டமிட்ட பயணம் விலைபோக வேண்டும். காலையில் பீச் மரக்காட்டில் நடை, மதியம் நீர்வீழ்ச்சி, சாயந்திரம் இடித்த சோற்றைக் குச்சியில் சுட்டுக் கோழிச்சாற்றில் போட்ட அடுப்புச் சட்டி. டோக்கியோவிலிருந்து வந்த பயண நிறுவனத்து செரிசாவா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீர்வீழ்ச்சி எல்லா ஊர்லயும் இருக்குங்க" என்றான். அதற்குப் பிறகுதான் அவள் மரத்தைச் சொன்னாள். விருந்தாளிகள் தாங்களே போய், மரத்தடியில் முளைத்த மைதாகேயைத் தங்கள் கண்ணால் பார்த்து, அதையே அன்றைக்குச் சட்டியில் போட்டுத் தின்னலாம். செரிசாவா பேனாவை எடுத்தான்.

அப்பாவிடம் கேட்டபோது அவர் ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கே எங்கப்பன் சாகுற அன்னைக்குத்தான் சொன்னான்."

"அப்ப நீங்களும் சாகுறப்பவாவது சொல்லிட்டுப் போங்க," என்றாள் மயுமி.

அவர் சிரித்தார். அது பத்து நாளைக்கு முந்தி. செரிசாவா முன்னோட்டம் பார்க்க வருகிற தேதி நெருங்க நெருங்க, அப்பா விடியுமுன் தூண்டிலோடு கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார். மீன் ஒன்றும் வரவில்லை.

சாயந்திரம் துக்கம் கேட்க ஊர் வந்தது. ஊதுவத்திப் புகையில் கண் எரிந்தது. கறியில்லாத சமையல், புகையில் காய்ந்த முள்ளங்கி ஊறுகாய், குடிக்க அரிசிச் சாராயம் சாகே. தேடப் போனவர்கள் எல்லோருக்கும் கால் வலி. கால் நீட்டி உட்கார்ந்து பிணத்துக்கு எதிரிலேயே பேச ஆரம்பித்தார்கள்.

"ஆனா அந்த ஓடைக்கரைல ஒரு ஓக் மரம் கெடையாதேப்பா," என்றார் அரிசி ஆலைக்காரர். "அங்க இவரு என்னத்துக்குப் போனாரு?"

"மீன் பிடிக்கத்தான்," என்றார் முடிவெட்டுகிறவர். எல்லோரும் சிரித்துவிட்டு, கினுவைப் பார்த்துத் தலையைக் குனிந்தார்கள்.

"சிரிங்க, சிரிங்க. அந்த மனுசனுக்கு மீன் முள்ளே ஆகாது," என்றாள் கினு.

"அண்ணி, உங்ககிட்டயாவது மரத்தச் சொன்னாரா இல்லியா?"

"நாப்பத்தஞ்சு வருசம் எங்கிட்ட 'பசிக்குது'ன்னுதான் சொன்னாரு. வேற என்ன சொன்னாரு?"

கியூசாகு மாமா மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். அக்டோபர் குளிருக்கு மேல்கோட்டு இல்லாமல் வெறும் கம்பளிச் சட்டையோடு வந்திருந்தார். நிரப்பிய கோப்பை அப்படியே இருந்தது. அவர் குடிக்காமல் மயுமி பார்த்ததில்லை.

செரிசாவா கறுப்புக் கோட்டும் கறுப்பு டையுமாக வந்து, துக்கப் பண உறையை இரண்டு கையாலும் வைத்து, நெற்றி தரையில் படக் கும்பிட்டான். முன்னோட்டத்துக்கு வந்தவன். கறுப்பு டை இரவல் வாங்கியது போலிருந்தது. வாசல்வரை மயுமி கூடப் போனாள்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதாங்க. நாளான்னைக்கு மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும். அந்த மரம்... அப்பாவத் தவிர வேற யாருக்காவது தெரியுங்களா?"

"நாளைக்குச் சொல்றேங்க," என்றாள்.

அவன் போனதும் அவள் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். விறகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் கியூசாகு மாமா சிகரெட்டோடு நின்றிருந்தார். ஒரு கால் தாங்கல். பழைய இடுப்பு முறிவு.

மயுமி பையிலிருந்து நீல நாரை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். வெளிச்சம் இன்னும் இருந்தது.

"அப்பா முதுகுல கீறல் இருந்துச்சு, மாமா. உசுரு போனப்புறம் விழுந்ததுன்னு அம்மா சொல்றாங்க."

அவர் நாரைப் பார்த்தார். சிகரெட்டைக் காலில் தேய்த்து அணைத்தார். இருமல் வந்தது, நின்றது.

"கினு அண்ணிக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"மாமா."

"நாந்தான் இழுத்துட்டு வந்தேன் புள்ள. காலப் புடிச்சு. தூக்க எனக்கு ஏது இடுப்பு? தலைல அடிபடக் கூடாதுன்னு என் கோட்டச் சுத்திக் கட்டுனேன்."

"எங்கேருந்து?"

"அவன் மரத்தடிலேருந்து. ஓடைக்கரை வரைக்கும்."

வீட்டுக்குள் யாரோ மணியைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் அவர் தொடர்ந்தார்.

"வெறச்சுப் போயிருந்தான். செத்து ஒரு ராத்திரி ஆயிருக்கும், அதுல சந்தேகமில்ல. முந்தியே போயிருந்தா பொழச்சிருப்பானோன்னு நீ கணக்குப் போடாத. நான் நெனச்சேன், இங்க நின்னு விசில் ஊதுனா அத்தன பேரும் வந்து நிப்பானுங்க. அழுவானுங்க. அழுதுகிட்டே மரத்தச் சுத்திப் பாப்பானுங்க. அடுத்த வருசம் உங்களுக்கு ஒரு கொத்து மிஞ்சாது. நாப்பது வருசமா எங்கிட்டயே மறச்சவன்யா அவன். செத்த அன்னைக்கு நான் அவனக் காட்டிக் குடுக்கவா?"

"போலீஸ்ல?"

"ஓடைக்கரைல பாத்தேன்னேன். எழுதிக்கிட்டான். பொணத்த நகட்டுறது குத்தம்னு எனக்கும் தெரியும். நீ சொல்றதுன்னா சொல்லு, நான் ஒத்துக்குறேன்."

மயுமி நாரை மறுபடி பையில் போட்டுக்கொண்டாள். கியூசாகு விறகு அடுக்குக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சாக்கை இழுத்தார். அதற்குள் நீலக் கயிறு. துண்டுதுண்டாக. ஒவ்வொரு துண்டிலும் ஒரு முழ இடைவெளியில் முடிச்சு.

"அவன் தொப்பிய எடுக்கத் திரும்பிப் போனேன். அப்பத்தான் நிமிந்து பாத்தேன்." குரல் இறங்கியது. "வழி வெட்டிருக்கான் புள்ள. மூங்கில்புதர அடியோட அறுத்து, சரிவுல மண்ணக் கொத்திப் படி வெட்டிருக்கான். மரத்துக்கு மரம் கயிறு. பட்டணத்தாளு கை வழுக்காம புடிக்க முடிச்சுப் போட்டு. மேல உக்காரதுக்கு ஒரு கட்டைய வேற செதுக்கிப் போட்டிருக்கான், மடையன். இன்னும் ரெண்டு படிதான் பாக்கி. மம்பட்டி அங்கயே கெடந்துச்சு."

மயுமி கயிற்றை எடுத்தாள். முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனாள். அப்பா போடுகிற முடிச்சு. விறகுக்கட்டுக்குப் போடுவது.

"எல்லாத்தயும் அவுத்துட்டேன்," என்றார் கியூசாகு. "அவுத்தப்புறந்தான் ஒறச்சுது. அவனே தொறந்து விட நெனச்சத நான் இழுத்து மூடிட்டேன். இந்தக் கெழவனுக்கு வேற புத்தி வரல."

"காளான் இருந்துச்சா மாமா?"

"இருக்கு. ரெண்டு கை கொள்ளாது. நானும் தொடல, அவனும் தொடல. ஒன் ஆளுங்க வந்து பாக்கட்டும்னு விட்டு வெச்சிருக்கான்."

அவள் சாக்கின்மேல் உட்கார்ந்தாள். இடுப்பு தாங்கவில்லை. அவர் பக்கத்தில் நின்றபடி வேறெங்கோ பார்த்தார்.

"கயித்தத் திரும்பக் கட்டணும்னா சொல்லு. அவன் கட்டுன அதே மரத்துல நானே கட்டித் தர்றேன். ஒனக்கு வேல முக்கியம்."

"வேணாம் மாமா."

"யோசிச்சுச் சொல்லு."

"வேணாம்."

அவர் ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். பிறகு சிரமப்பட்டுக் குனிந்து அவள் காதோரம் வாயை வைத்து, ஒரு இடத்தைச் சொன்னார். அப்பாவின் மரம். எந்த மேட்டிலிருந்து எந்தப் பாறையைத் தாண்டி என்று. சொல்லிவிட்டு நிமிரவில்லை. இன்னொரு இடத்தையும் சொன்னார்.

"இது யாரோடது?"

"என்னோடது."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குப் புள்ளயும் இல்ல, பொண்டாட்டியும் போய்ச் சேந்துட்டா. மல ஏறாம வீட்ல கெடந்து சாகுற ஆளு நானில்ல. என்னக் காணோம்னு விசில் ஊதிக்கிட்டு அவனுங்க கெளம்புறதுக்கு முந்தி, நீ போயிரு. என் மரத்தடில என்ன விட்டுறாத. அந்த அரிசி ஆலக்காரன் கண்ணுல என் மரம் படக் கூடாது."

"பட்டா என்ன மாமா? அப்ப நீங்கதான் இருக்க மாட்டீங்களே."

"அதுக்கில்ல புள்ள," என்றார். "எனக்குக் கோட்டு வேண்டாம். தல ஏற்கெனவே கல்லுதான்."

மறுநாள் எரித்தார்கள். அம்மாவும் மகளும் எதிரெதிரே நின்று, இரண்டு ஜோடிக் குச்சியால் ஒரே எலும்பைப் பிடித்து ஜாடிக்குள் போட்டார்கள். கால் எலும்பில் தொடங்கி மேலே. தொண்டை எலும்பைப் போட்டபோது கினு, "சூடு போதுமா இப்ப?" என்று மெதுவாகக் கேட்டாள்.

செரிசாவா சுடுகாட்டுக் கட்டடத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் காத்துக்கொண்டிருந்தான். மயுமி நேராக அவனிடம் போனாள்.

"மரம்னு ஒண்ணு இல்லைங்க."

"இல்லைங்களா?"

"அப்பா சும்மா சொல்லிட்டிருந்திருக்காரு. காளானக் கடைலதான் வாங்கிட்டு வருவாராம். எனக்கும் இப்பத்தான் தெரிஞ்சுது. மன்னிச்சுக்கங்க."

செரிசாவா அவள் முகத்தையே பார்த்தான். பிறகு மரியாதையாகக் குனிந்தான். பயணத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் பேசாததிலிருந்து, மார்ச்சோடு வேலை முடிந்தது என்று அவளுக்குப் புரிந்தது. வண்டி திரும்பி, ஆற்றுப்பாலத்தைத் தாண்டிப் போனது.

அவர்கள் வீடு திரும்பியபோது கியூசாகு மாமா கொட்டகையிலிருந்து பனிப்பலகைகளை இழுத்துப் போட்டு, வடக்குச் சுவரில் சார்த்திக் கட்டிக்கொண்டிருந்தார். நீலத் துண்டுகளை ஒன்றோடொன்று முடிந்துதான் கட்டினார். அவர் கோட்டின் முதுகில் மண் காய்ந்திருந்தது.

கினு ஜாடியை நெஞ்சோடு அணைத்தபடி நின்று கயிற்றைப் பார்த்தாள். முடிச்சுகளைப் பார்த்தாள்.

"எலி துப்பிருச்சாக்கும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மயுமி பலகையின் மறுமுனையைப் பிடித்தாள். மாமா இழுத்துக் கட்டினார். கிழக்குப் பக்கத்துக்குக் கயிறு போதவில்லை. நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றார். இருமிக்கொண்டே, ஒரு காலை இழுத்து இழுத்து, மேட்டுப் பாதையில் ஏறிப் போனார்.

அவருக்கு அவள் ஒரு பிணம் இழுத்துத் தர வேண்டிய பாக்கி. அவருடைய மரத்தடியிலிருந்து, ஓடைக்கரை வரைக்கும்.