மேடையில அவ பக்கம்

எங்க வீட்டுச் சமையல் மேடைக்குக் கல்லு பதிக்க வந்தவரை எல்லாரும் ரசமட்டம்னுதான் கூப்பிடுவாங்க. எதைப் பாத்தாலும் மேல அந்த மட்டத்தை வெச்சு, நடுவுல குமிழி நிக்குதான்னு பாத்துருவாரு. காபி குடுத்தேன், தட்டு மேலயும் வெச்சிருவாரோன்னு பாத்துக்கிட்டே நின்னேன்.

ரெண்டு கல்லையும் சுவத்துல சாத்திட்டு, "அம்மா, கல்லு நிறத்துலயே பசை கலந்து ஒட்டப்போறேன். சேர்ந்த எடம் எங்கன்னு நாளைக்கு நீங்களே தேடுவீங்க"ன்னாரு. மொகமெல்லாம் பெருமை.

எனக்குப் பொறுக்கல. "ஒட்ட வேணாங்க. ஜன்னல் பக்கத்துக் கல்லை மட்டும் ஒசத்தி வைங்க. அது என் பொண்ணு நிக்கிற எடம்."

அவ என்னைவிட நல்ல உயரம். பழைய மேடையில குனிஞ்சு மாவு பிசைஞ்சு, "இடுப்பே போச்சும்மா"ன்னு பொலம்புவா. புது மேடை போட்டா உனக்குன்னு ஒரு பக்கம்டின்னு சொல்லியிருந்தேன். அதுக்குள்ள கல்யாணமாகி, வேலை கெடைச்சு, கடல் தாண்டிப் போயிட்டா. எப்பக் கேட்டாலும் லீவு இல்லைங்கறா.

"ஆளே ஏறாத பஸ்ஸுக்கு சீட்டு போட்டு வெக்கிறா"ன்னாரு எங்க வீட்டுக்காரர், பேப்பரை எறக்காமலே.

ரசமட்டத்துக்கு மொகம் தொங்கிப்போச்சு. "என்னம்மா, படிக்கட்டு மாதிரி இருக்கும். பாக்குறவங்க என்னைத்தான் திட்டுவாங்க."

"என் பேரைச் சொல்லிடுங்க."

"சரி, அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. முழங்கை உயரம் பாக்கணும். அப்புறம் மாத்த முடியாது."

வீடியோ கால்ல கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டுச் சிரிச்சா. "உனக்கு வேற வேலையே இல்லையாம்மா?" அப்புறம் போனை எங்கயோ சாத்தி வெச்சா. பாத்தா, பிரிட்ஜ் ஓரமா நிமுந்து நின்னு, கையை மடக்கிக்கிட்டு, புருஷனை டேப் புடிக்கச் சொல்றா. அளவைச் சொல்லிட்டு, "ஒசந்த கல்லோட முனையை உருட்டச் சொல்லும்மா. நீ இடிச்சுக்குவே"ன்னா.

"சொல்றேன்."

"எப்ப வருவேன்னு கேக்கவே இல்லையே நீ?"

"கேட்டா போனை வெச்சிடுவே."

அவ போனை வெக்கல.

ரசமட்டம் ஜன்னல் பக்கத்துக் கல்லுக்கு அடியில வர்ற அலமாரியோட கால்களை ஒசத்தி, கல்லை ஏத்தினாரு. ரெண்டுக்கும் நடுவுல தெரிஞ்ச இடைவெளியை அதே கல்லுல ஒரு துண்டு வெட்டி மூடினாரு. முனையை உருட்டித் தேச்சாரு. மூலையெல்லாம் சிலிக்கான் பசை விட்டு, சோப்புத் தண்ணியில வெரலை நனைச்சு ஒரே இழுப்பு. "நாளைக்குக் காலை வரைக்கும் தண்ணி படக்கூடாது"ன்னுட்டுப் போனாரு. பஸ்ஸு, சீட்டுன்னு கிண்டல் பண்ணின எங்க வீட்டுக்காரர், சமையக்கட்டு வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டு என்னையே உள்ள விடல!

இப்ப தெனமும் தொடைக்கிறப்ப துணி அந்தப் படியில வந்து முட்டி நிக்குது. ஏறித் தொடைச்சுட்டு எறங்கறேன். மாவு பிசைய எனக்கு அந்தப் பக்கம் எட்டாது. அங்க டப்பா மேல டப்பா அடுக்கி, அதுக்கு மேல போனைச் சாத்தி வெக்கிறேன். அவ மொகம் என் தலைக்கு நேரா, கொஞ்சம் மேலயே வருது. பக்கத்துல நின்னாலும் அப்படித்தான் வரும்.

"வெங்காயத்தை இன்னும் பொடியா நறுக்கும்மா"ன்னா நேத்து.

"வந்து நறுக்கிக் காட்டு. உன் பக்கம் காலியாத்தான் இருக்கு"ன்னேன்.