அம்மா ஊசி

சைபர் பிரிவு அதிகாரி கணினித் திரையைப் பார்த்து நிதானமாக வாசித்தார். “‘அம்மாவுக்கு ஊசி போட்டாச்சு. வயிறு இன்னும் சரியாப் போகலையாம்.’ இது நீங்க எழுதினதுதானே?”

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலையைப் பாதியில் விட்டு வந்தவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. “ஆமா சார்.”

“குரூப் அட்மினும் நீங்கதான். அதுல உங்க தம்பி ஒரு வீடியோ போட்டிருக்கார்.”

தண்ணீர் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியதை, தனியார் பஸ் டிரைவரான தம்பி தன் இருக்கையிலிருந்தே படம் பிடித்திருந்தான். ‘அம்மா ஊசி’ என்ற அந்தக் குழுவில் இருந்ததே அவள், தம்பி, தங்கை, தங்கையின் கணவர் ஆகிய நால்வர்தான். அம்மாவுக்குச் சர்க்கரை நோய், மறதியும் உண்டு. பிள்ளைகள் மாறி மாறி வந்து இன்சுலின் போடுவார்கள். போட்டவர் உடனே குழுவில் எழுதிவிட வேண்டும்.

“நாலு பேருக்குள்ள இருந்தது உங்களுக்கு எப்படி சார் வந்துச்சு?”

“கேள்வியை நான் கேக்குறேன். குரூப்பைக் கலைக்காதீங்க. வெள்ளிக்கிழமை போன் பண்ணுவேன். தம்பி வேற என்ன போட்டார்னு சொல்லணும். இல்லேன்னா கேஸ் உங்க மேலயும்தான்.”

பஸ் ஷெட்டுக்கே போய்த் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் கறுத்தது. “மச்சான்தான் போட்டுக் கொடுத்திருப்பார். கவர்மெண்ட் சம்பளம் வாங்குறவர் அவர் ஒருத்தர்தானே?”

“வாய்க்கு வந்ததைப் பேசாதடா!” என்று அதட்டினாள். ஆனாலும் தங்கையின் கணவர் குழுவில் எழுதியதையெல்லாம் மறுபடி ஒருமுறை படித்தாள்.

அதற்குப் பிறகு குழுவில் ஒருவரும் மூச்சு விடவில்லை. போனில் “ஆச்சு” என்று ஒற்றை வார்த்தை சொல்லி வைத்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஊசி போட்டுவிட்டுத் தங்கையை அழைத்தாள். அவள் எடுக்கவில்லை. குழுவைத் திறந்தாள். அந்த அதிகாரி வாசித்த குரல் காதில் கேட்டது. எதுவும் எழுதாமலே மூடிவிட்டு வேலைக்கு ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் தங்கையின் போன் வந்தது. “அக்கா, அம்மா கண்ணே திறக்கலை! வேர்த்துக் கொட்டுது!”

“ஊசி போட்டியா?”

“போட்டேன். ஐயோ, நீயுமா?”

“சர்க்கரையை ஈறுல தடவு. ஆம்புலன்ஸைக் கூப்பிடு. நான் வர்றேன்.”

அவள் போய்ச் சேர்ந்தபோது தங்கையின் கணவர் அம்மாவைக் கைகளில் ஏந்திப் படியிறங்கிக்கொண்டிருந்தார். யூனிஃபார்மோடு ஓடிவந்த தம்பி ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்தான். மச்சானும் அவனும் பேசிக்கொள்ளவில்லை.

குளுக்கோஸ் ஏறிய பிறகு அம்மா கண் திறந்தாள். “எல்லாரும் ஏன் இங்க நிக்கிறீங்க? வேலைவெட்டி இல்லையா?” தங்கை சிரித்துக்கொண்டே அழுதாள்.

அப்போது அக்காவின் போன் அடித்தது. அதிகாரி.

“தம்பி என்ன போட்டார்?”

“ஒண்ணும் போடலை சார். பயந்துபோய் நாங்க யாருமே எதுவும் போடலை. அதனால அம்மாவுக்கு ரெண்டு ஊசி விழுந்துடுச்சு. இனிமே எழுதுவோம். வேணும்னா நீங்களே படிச்சுக்குங்க. என் தம்பியைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க.”

அடுத்த வாரம் அவளையும் தம்பியையும் சைபர் பிரிவுக்குக் கூப்பிட்டு இருட்டும்வரை உட்காரவைத்தார்கள். இருவருடைய போனையும் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள். கேஸ் உண்டா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை.

வாசலில் தங்கையின் கணவர் காருடன் காத்திருந்தார். “அந்த வீடியோ எப்படி வெளியே போச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது” என்றார், யாரும் கேட்காமலே.

தம்பி அவர் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டான். “நீங்க உட்காருங்க மச்சான். நான் ஓட்டுறேன்.”